கருமாதிக் கல்

அகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இருதயநாதனின் தோள்பையில் ஒரு கல் இருந்தது. அது காமராஜ் எடுத்த கல் அல்ல. காமராஜின் அம்மா ஜக்கம்மாளிடம் அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டே வந்திருந்தார்.

காமராஜும் அவரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் பாறைகளைப் பற்றி வேலை செய்தவர்கள். முந்தின வருடம், இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில், அண்டார்டிகாவில் இருந்தார்கள். பனிக்கு மேல் தலை நீட்டி நிற்கும் ஒரு மலையின் உச்சிப் பாறை எத்தனை காலமாக வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்வெளியிலிருந்து ஓயாமல் விழும் கதிர்கள் பாறையின் மேல்தோலில் பட்டு, அதற்குள் ஒருவகை அணுக்களைச் சிறிது சிறிதாக உண்டாக்குகின்றன. தடித்த பனி மூடியிருந்தால் அது நடக்காது. அந்த அணுக்களை எண்ணினால் பாறையின் காலம் தெரிந்துவிடும்.

உளியால் கல்லைப் பெயர்த்த காமராஜ், தன் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை அவிழ்த்து, கல் இருந்த பையை அதில் கட்டி இறக்கினார். கீழே நின்ற இருதயநாதன் பையை வாங்கிக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் மேலே காமராஜின் கால் சறுக்கியது. மலையடியில் பனி பிளந்திருந்த இடத்தில் போய் விழுந்தார். விளக்கு இறக்கிப் பார்த்தும் அடி தெரியவில்லை. பிறகு பனிப்புயல் வந்தது. தேடுவதை நிறுத்தினார்கள்.

உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய ஜக்கம்மாள் சம்மதிக்கவில்லை. வருடம் திரும்பியபின் ஒருநாள், மருமகள் தீபாவிடம் இருதயநாதனுக்குப் போனில் சொல்லச் சொன்னாள்: மகன் கடைசியாக எடுத்த கல்லைக் கொண்டுவந்தால், உடம்புக்குப் பதிலாக அதை ஊன்றிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். அந்தப் போன் வந்தபோது கல் இல்லை.

வாசலில் பந்தல் போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கம்மாள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லு வயசு தெரிஞ்சிருச்சாமே தம்பி. தீபா சொன்னா.”

“தெரிஞ்சிருச்சும்மா. பத்து லட்சம் வருசத்துக்கு மேல இருக்கும்.”

“அம்புட்டு வருசமும் யாரும் தொடாமயா கெடந்துச்சு?”

“யாரும் தொடலைம்மா.”

“எம்மகந்தான் மொதமொதல்ல தொட்டிருக்கான்.” பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தாள். “குடு தம்பி.”

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. கொடுத்துவிட்டால் முடிந்தது. விரித்த முந்தானையை அவரால் பார்க்க முடியவில்லை.

“அந்தக் கல்லு இல்லம்மா. அதை இடிச்சுப் பொடியாக்கி, ஆசிட்ல கரைச்சாத்தான் வயசு தெரியும். முழுசும் கரைச்சாச்சு. இது அதே மலைல நான் எடுத்தது.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

“வயசு பாக்கவா அழிச்சீக?”

ஜக்கம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“நீ எடுத்தது எனக்கெதுக்குப்பா” என்றாள், கோபமில்லாமல். எல்லோருக்கும் முன்னால் ஆற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

தீபா அவர் அருகில் வந்து அந்தக் கல்லைக் கேட்டு வாங்கினாள். வெயிலில் பஸ்ஸில் வந்த கல். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“சில்லுனு இருக்கும்னு நெனச்சேன் சார்.”

திருப்பிக் கொடுத்தாள். “பைக்குள்ள வச்சிருங்க. அத்தை கண்ணுல பட வேணாம்.”

குடகனாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் வாழையிலை விரித்து, பாலும் எள்ளும் எடுத்து வைத்து, காரியம் செய்பவர் தயாராக இருந்தார். ஊன்றுவதற்கு அங்கேயே ஒரு கல் எடுத்துக்கொள்ளலாம் என்றார். காமராஜின் தம்பி ஒன்றை எடுத்து நீட்டினான். ஜக்கம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். தானே தேடப் போனாள். ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்தாள், போட்டாள். இன்னொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், அதையும் போட்டாள். யாரும் கூப்பிடவில்லை. காய்ந்த ஆற்றில், குனிந்த முதுகோடு, அடுத்த கல்லுக்கு அவள் நகர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.