அசல் ஐயோ

ஜவுளிக்கடைக்காரரின் வியாபாரத்தில் பாதி துணி, பாதி ஐயோ. "இந்த விலைக்கா? ஐயோ, எனக்கே கட்டாதுங்க!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேதான் துணியைக் கிழிப்பார். வாங்கியவர் அவரை ஏமாற்றிவிட்ட திருப்தியோடு படி இறங்குவார். கடையை மருமகனிடம் ஒப்படைத்த பிறகு, மீந்துபோன ஐயோக்களைச் சதுரங்கப் பலகையில் செலவழித்தார்.

அவற்றை வாங்கிக்கொள்ள ஒரே ஆள்தான் இருந்தான். காலமான மனைவியின் தம்பி, கடிகாரம் பழுதுபார்ப்பவன். மீசை நரைத்தும் அவருக்கு இன்னும் 'மாப்ளே'.

வெள்ளைக் காய் எப்போதும் கடைக்காரருக்கே. நாலாவது நகர்விலேயே தன் குதிரையைக் கொண்டுபோய், இன்னொரு காயின் காவலில் இருக்கும் நடுச் சிப்பாயை வெட்டுவார். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை! மூளையுள்ளவன் செய்கிற பேரமா? உடனே தலையில் கை. "ஐயோ, கவனிக்கலையே!" மைத்துனன் குதிரையை அள்ளிக்கொண்டு நாற்காலியில் சாய்வான். சாய்ந்தால் தீர்ந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் கிளம்பி அவன் குதிரைகளை லாயத்துக்கே துரத்தும்.

ஒருநாள் தோற்ற கையோடு வெடித்தான்.

"உங்க ஆட்டத்துல சரக்கே இல்ல அத்தான். அந்த ஐயோதான் ஜெயிக்குது."

"யார்றா சொன்னது? கம்ப்யூட்டரையே இதே ஆட்டத்துல மடக்கிக் காட்டுறேன். அதுவரைக்கும் இந்தப் படி ஏறாதே!"

"சரி, ஏறல."

செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், சொன்ன சொல் தவறாதவனாக இருந்து தொலைத்தான்.

மகள் வந்து கம்ப்யூட்டரில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மரப்பலகையிலும் நகர்த்திப் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். அதனால் எதிராளியின் காய்களையும் அவரே எழுந்து, எக்கி, காலி நாற்காலிக்காக நகர்த்தினார்.

குதிரையைக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் "ஐயோ!" என்றார். அது சுவரில் முட்டி அவர் காதுக்கே திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் வெட்டியது. அது சாயவில்லை. "மாட்டினீங்களா அத்தான்!" என்று தொடையைத் தட்டவும் இல்லை. சிப்பாய்கள் துரத்தியபோது ஒரு குதிரையை அலட்டிக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்து, பிறகு வட்டியோடு வசூலித்தது.

எத்தனை முறை ஆடினாலும் இதே கதி.

"அப்பா, லெவலைக் குறைச்சு வெச்சுக்கோங்க, ஜெயிச்சிருவீங்க" என்றாள் மகள் போனில்.

"அளவுகோலை நறுக்கிட்டுத் துணி அளக்கச் சொல்றியா?"

விலையில் எவ்வளவோ நடித்தவர்தான். அளவில் கை வைத்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் ராஜா மூலையில் மாட்டியதும் அவர் வாயிலிருந்து ஓர் ஐயோ வந்தது. சன்னமாக. கை நெற்றிக்குப் போகவில்லை. அவருக்கே அது புதுச் சரக்காக இருந்தது. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே... ஐயோ, முடியலடா. தோத்துட்டேன். நீ சொன்னதுதான் சரி. படி ஏறி வா."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்களுக்கு நடுவிலிருந்து கேள்வி வந்தது.

"இது எந்த ஐயோ அத்தான்?"

"அசல்டா."

"கடையிலயும் அப்படித்தானே சொல்வீங்க."

இத்தனை காலம் போலியையே வாங்கிப் போனவனிடம் அசலை எப்படி விரித்துக் காட்டுவது?

"ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"பார்க்கலாம்."

வைத்துவிட்டான்.

'பார்க்கலாம்' என்று படி இறங்குகிற வாடிக்கையாளரைக் கடைக்காரருக்குத் தெரியாதா? அநேகமாக யாரும் திரும்புவதில்லை. ஆனாலும் ஆள் தெருமுனை தாண்டும்வரை, விரித்த துணியை மடிக்கக் கூடாது என்பது அவர் கடைச் சட்டம்.

கம்ப்யூட்டரை அணைத்தார். மரப்பலகையில் காய்களை முதலிலிருந்து அடுக்கினார். குதிரையைக் கொடுக்கும் வித்தை, முதலில் ஆடுகிற வெள்ளைக்குத்தான் பலிக்கும். வெள்ளைக் காய்களை எதிர் நாற்காலியின் பக்கம் வைத்தார். கருப்பின் பின்னால் உட்கார்ந்து, வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டோமா என்று எட்டிப் பார்த்தார்.