பேர் சொல்லாத சாமான்

அஸர் பாங்கு முடிவதற்குள் ஆதம்பாவா மகளின் பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிவிட்டார். கொப்பிகள், கொம்பாஸ் பெட்டி, உப்புத் தொட்டுக் கடித்த மாங்காய்த் துண்டு எல்லாம் பாயில் சிதறின. களவுச் சாமான் மட்டும் அதில் இல்லை. அது கல்முனையில், மஜீட் ஹாஜியாரின் கடை லாச்சிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது.

"இன்னும் என்னத்தடி எடுத்தாய்? சொல்லித் துலை!"

பதினைந்து வயது சுல்பிகா சுவரோடு ஒட்டி நின்றாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாவணி. கடைக்காரப் பொடியன் ஒருவன் அவளைக் கடைத்தெரு முழுக்கச் சனம் பார்க்க மருதமுனை வரைக்கும் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். அக்கா நதீரா அறைக்குள் குப்புறக் கிடந்து அழுதாள். அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அதே மஜீட் ஹாஜியாரின் தங்கச்சி மகன். விதி விளையாடுவதற்கு வேறு கடை கிடைக்கவில்லை பாருங்கள்.

றுகையா தறியை விட்டு எழுந்து வந்தாள். கணவனின் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"என்ன எடுத்தாய் மகள்?"

சுல்பிகா உம்மாவின் காதுக்குள் சொன்னாள். மாதக்காலத்துக்கு வைக்கிற பேட் பக்கட் ஒன்று.

"காசு இல்லையா உனக்கிட்ட?"

"இருந்திச்சி." அவள் கைலேஞ்சியின் முடிச்சைக் காட்டினாள். மூன்று மாதமாக உம்மாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்து வாங்கிய காசு. "குடுக்கத்தான் போனன் உம்மா. காசுப் பெட்டிக்கிட்ட ஹாஜியார் மாமா இரிக்கார், சுத்திவர நாலஞ்சு ஆம்புளயள். எப்படி உம்மா கேக்கிற, அவ்வளவு ஆம்புளயளுக்கு முன்னால? கால் தன்னால வெளியால வந்திட்டு."

போன மாதம் இதே பிள்ளை வெள்ளைச் சட்டையில் கறையோடு வகுப்பில் எழும்பி நின்று, பொடியன்மார் சிரித்து, நாலு நாள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தவள். வருகிற மார்கழியில் சோதினை. "பேட் ஒண்டு வாங்கித் தாங்க உம்மா" என்று கேட்டபோது, "பழந்துணி இரிக்கிற வீட்டில அதென்னத்துக்கு?" என்று வாயை அடைத்தவள் றுகையாதான். அந்தச் சொல் இப்போது அவளையே பிடித்துக் குத்தியது.

களவு களவுதான். அவள் அதை மறுக்கவில்லை. "எடுத்தது பிழை" என்று மகளின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

அடுத்த நாள் ஊர் வேறு கதை கதைத்தது. என்ன எடுத்தாள் என்று சொல்ல ஹாஜியாருக்கு நாக்கு வளையவில்லை. "சொல்லக் கூடாத சாமான்" என்று விட்டார். சொல்லாத இடத்தை ஊர் நிரப்பிக்கொண்டது. சென்ட் போத்தல் என்றார்கள். பின்னேரம் அது ஜப்பான் கைக்கடிகாரம் ஆகிவிட்டது. மஃரிபுக்குப் பிறகு பார்த்தால் காசுப் பெட்டியிலேயே கை வைத்தாளாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அபூசாலி மரைக்காயர் வந்தார். ஆதம்பாவாவின் தாய்வழிக் குடிக்குப் பெரியவர் அவர். கூடவே மஜீட் ஹாஜியாரும் பள்ளிவாசல் ஆட்கள் இருவரும். முன் விறாந்தையில் கதிரை போட்டு, பிளேன் டீ கொடுத்து, ஆதம்பாவா கை கட்டி நின்றார். றுகையா வாசல் சீலைக்குப் பின்னால் நின்றாள். பெண்களுக்கு அந்த இடம்தான்.

மரைக்காயர் தொண்டையைச் செருமினார். "ஆதம்பாவா, மானம் போற வேலை நடந்து போச்சி. பொலிஸ், கோடு எண்டு போனா நம்மட குடிக்கே அவமானம். நமக்குள்ளயே முடிப்பம். பள்ளிவாசலுக்குக் குற்றக்காசு கட்டு. புள்ள களவெடுத்தது மெய் எண்டு ஒரு கடதாசியில கையெழுத்து வை. அது பள்ளியில இரிக்கட்டும்."

"வைக்கிறன் மரைக்காயர்."

"இன்னொண்டு." இப்போது ஹாஜியார் வாய் திறந்தார். குரலில் சீனி கரைந்திருந்தது. "என்ர மருமகன் இந்தக் குடும்பத்தில கலியாணம் முடிக்கத் தயங்கிறான். களவுப் பேர் எடுத்த ஊடு எண்டு நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்கதானே? மூத்த புள்ளைக்கு ஊடும் முன் வளவும் எழுதிறீங்க, சரி. அந்தப் பின் வளவையும் சேத்து எழுதினா நான் அவனச் சமாளிப்பன்."

வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தக் காணி சுல்பிகாவுக்குச் சீதனம் என்று வைத்தது. இந்தக் கரையில் வீடு வளவு இல்லாத பெண்ணை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். அங்கே மண் சுமந்து மேடு போட்டதில் பாதி றுகையாவின் முதுகு. ஒரு பக்கட்டுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையையே விலை பேசுகிறான் மனிசன்! அதற்கு மானம் காக்கிறது என்று பெயர் வேறு.

"இல்லாட்டி?" என்று மெதுவாகக் கேட்டார் ஆதம்பாவா.

"இல்லாட்டி என்ன, பொலிசுக்குக் குடுக்க வேண்டி வரும்."

கடதாசி வந்தது. மரைக்காயரே எழுதி வைத்திருந்தார். வாசித்தார்: "...மேற்படி கடையில் விலையுயர்ந்த சாமான் ஒன்றைக் களவெடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்..."

ஆதம்பாவா பேனையை வாங்கினார்.

"கொஞ்சம் பொறுங்க." சீலை விலகியது. றுகையா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு விறாந்தைக்கே வந்துவிட்டாள். "என்ன சாமான் எண்டு எழுதுங்க மரைக்காயர்."

நால்வரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"உள்ளுக்குப் போ புள்ள" என்றார் ஆதம்பாவா.

"போறன். என்ன சாமான், என்ன விலை எண்டு எழுதட்டும், போறன். ஹாஜியார், நீங்க சொல்லுங்க. உங்கட கடைச் சாமான்தானே? தட்டில அடுக்கி வச்சி விக்கிறீங்கதானே?"

"பொம்புளயள்ர சாமானச் சபையில கதைக்கிறதா? வெக்கம் கெட்ட கதை!" என்றார் மரைக்காயர்.

"நரைச்ச தாடியோட உங்களுக்கே பேர் சொல்ல வெக்கம். அந்தப் பதினஞ்சு வயசுப் புள்ள அத்தின ஆம்புளயளுக்குள்ள எப்படி மரைக்காயர் கேட்டு வாங்கும்?"

தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

"பொலிசுக்குக் குடுங்க ஹாஜியார்" என்றாள் றுகையா. "நாங்க கோட்டுக்கு வாறம்."

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. முந்தின நாளே கல்முனைக்குப் போய், தன்னிடம் கைத்தறிச் சாரம் வாங்கும் நல்லரெத்தினத்தைக் கண்டிருந்தாள். பிறக்கராசி வக்கீல் ஒருவரிடம் கிளாக்கர் வேலை அவருக்கு. "முதல் தரம், பதினாறு வயசும் ஆகல்ல. எச்சரிச்சி விட்டிருவாங்க. ஆனா களவெண்டு கையெழுத்து மட்டும் எங்கயும் வச்சிராதீங்க. அது சாகும் வரைக்கும் புள்ளைக்குப் பின்னால வரும்" என்று சொல்லியிருந்தார் அவர். சட்டம் கன்னத்தில் தட்டி விடுகிற பிழைக்கு, சொந்தக்காரர் வளவைக் கேட்கிறார்கள் என்பது இந்த விறாந்தையில் நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சொன்ன சொல்லுக்காக ஹாஜியாரும் பொலிசுக்குப் போக வேண்டியதாயிற்று. கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவருக்குத் தொப்பி நனைய வியர்த்தது. மேசையில் பத்திரிகைத் தாளால் சுற்றிய பொதி.

"என்ன பொருள்?" என்று கேட்டார் நீதவான்.

"சாமான், ஐயா."

"என்ன சாமான்?"

"பொம்புளயள்ர... சாமான்."

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதவான் பொதியைப் பிரிக்கச் சொன்னார், பார்த்தார், விலை கேட்டார். பிறகு சுல்பிகாவிடம், "எடுத்தியா?" என்றார். "ஓம் ஐயா. பிழை" என்றாள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கடுமையாகவே எச்சரித்து, பொருளின் விலையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சுல்பிகா கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தாள். காசு சரியாக இருந்தது.

கோடு அவளை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. கலியாணம் முறிந்தது. நதீரா தங்கச்சியோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினாள். பள்ளிவாசலில் ஆதம்பாவாவிடம் சந்தா வாங்க மறுத்தார்கள். நாளைக்கு நிக்காஹ் எழுதவோ மையித்தைத் தூக்கி அடக்கவோ யாரும் வர மாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆதம்பாவா மனைவியைத் திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. தறிக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பேசாமல் நெய்தார். சுல்பிகா மட்டும் ஒரு நாள் தவறாமல் போய் மார்கழிச் சோதினையை எழுதி முடித்தாள்.

தை மாதம் றுகையா மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். இரண்டு பெட்டி நிறையப் பேட் பக்கட்டுகள் வாங்கி வந்து, தறிக் கொட்டிலில் நூல் கட்டுகளுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக அடுக்கினாள். முதல் கிழமை ஒரு குருவியும் வரவில்லை. அடுத்த கிழமை பின் வேலியால் ஒருத்தி வந்தாள். பிறகு இருவர். முன் வாசலால் சலாம் சொல்லாத வீட்டுப் பெண்கள், ஆண்கள் அஸருக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்துப் பின் வளவால் வந்துபோனார்கள். ஹாஜியார் கேட்ட அதே பின் வளவு.

ஒரு நாள் வந்தவள் கண் மட்டும் தெரிய முக்காடு போட்டிருந்தாள். குரலில் ஆளைப் பிடித்துவிட்டாள் றுகையா. பாத்தும்மா. மஜீட் ஹாஜியாரின் பெண்சாதி.

"மச்சி, அது... ஒண்டு தா."

"எது?"

"அதுதான்."

"பேரச் சொல்லிக் கேளுங்க மச்சி."

நூல் சுற்றிக்கொண்டிருந்த சுல்பிகா ராட்டையை நிறுத்தினாள். பாத்தும்மா வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பேட்" என்றாள், காற்றைப் போல.

றுகையா ஒரு பக்கட்டை எடுத்து, தாளால் சுற்றாமல், அப்படியே நீட்டினாள். விலையை வாங்கி மிச்சக் காசைக் கொடுத்தாள். கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

"உங்கட கடையில தட்டு நிறைய இரிக்கே மச்சி. என்னத்துக்கு இவ்வளவு தூரம்?"

பாத்தும்மா பக்கட்டை முக்காட்டுக்குள் மறைத்தாள்.

"மகளுக்கு. போன மாசம்தான் பெரிய புள்ளயானாள். அந்தக் கடையில போய் எப்படிக் கேக்கிற மச்சி, அவ்வளவு ஆம்புளயளுக்கு முன்னால?"