நானூற்றுப் பதினொரு நாள்

“நேத்தே போட்டுட்டேன் மிஸ். நீங்க மெயிலத் தொறக்க முந்தியே சேவர் ஓட்டைக்கு மருந்து போட்டாச்சு.”

சொல்லிவிட்டு அஸீம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டான். பத்மாதேவி உட்காரக்கூட இல்லை. தோளில் கைப்பை கிடந்தபடியே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் மூன்றாம் மாடியிலிருந்த அந்தக் கணினிக் கல்லூரிக்குப் பெரிய சேவர் ஒன்றுதான். பிள்ளைகளின் பயிற்சியும் பரீட்சையும் காரியாலயக் கோப்புகளும் அதற்குள்தான். அதைப் பார்த்துக்கொள்வது பத்மாதேவி. அவளுக்குத் துணை அக்குறணை அஸீம்.

“போட்டது சரி. இப்ப ஓடுறது எது?”

“என்ன மிஸ் கேள்வி? போட்டதுதானே ஓடும்.”

அவள் ஒரு வரி தட்டினாள். இயந்திரத்தை ஆளும் மைய நிரலான கேர்னலின் பழைய பதிப்பு இலக்கம் திரையில் வந்து நின்றது.

“சட்டையை வாங்கி அலுமாரியில வைச்சுப்போட்டு, உடுத்திட்டன் எண்டு சொல்லுறீர் அஸீம். நிப்பாட்டி எழுப்பினால்தான் புதுசு ஓடும்.”

அஸீம் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தான். இயந்திரம் நில்லாமல் ஓடிய நாட்களைத் தினமும் காலையில் அவன்தான் அதில் எழுதுவான். 411.

“பேராதனை வீதிக் கல்லூரி ஆக்கள்ட மிஷின் முந்நூறு தாண்டல்ல மிஸ். அதோட, டிஸ்க் பழசு. விழுந்தா எழும்புமோ தெரியா.”

கேர்னல்தான் இயந்திரத்தின் காவற்காரன். ஒரு நிரல் அதனிடம், ‘இந்த விலாசத்தில் இதைக் கொண்டுபோய் வை’ என்று கேட்கும். அந்த விலாசம் கேட்டவனின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கேர்னலின் வேலை. ஓரிடத்தில் அது பார்க்கத் தவறியிருந்தது. சாதாரண மாணவக் கணக்கு வைத்திருப்பவன்கூட அந்த ஓட்டையால் நுழைந்து முழு இயந்திரத்துக்கும் எசமான் ஆகிவிடலாம். அதற்கான நிரலை யாரோ நேற்று உலகத்துக்கே எடுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த அறையில் முப்பத்திரண்டு பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் கணக்கு இருந்தது.

உள்ளே இருந்ததோ, பொலிஸ் கேட்டதால் பணிப்பாளர் தயாரித்த அந்த லிஸ்ட். தமிழ்ப் பிள்ளைகள் அறுபத்தொரு பேர், ஊழியர்கள் இருவர். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், தங்கியிருக்கும் அறையின் விலாசம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவள் குடியிருந்த ஒழுங்கைக்கு வந்தவர்கள் பன்னிரண்டாம் இலக்கத்தை விட்டுவிட்டு நேரே பதினான்காம் இலக்கத்துக்குத்தான் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் ஒரு கடதாசி இருந்தது. பதினான்கில் இருந்தது அவளும் அப்பாவும்.

பணிப்பாளர் இராமநாதன் கதவடியில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். சத்தம்போட்டுக் கதைத்துப் பழகாதவர்.

“என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?”

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை சோதனை முடியட்டும். அதுவரைக்கும் பொறுக்கேலாதோ?”

“பொறுக்கலாம் சேர், உள்ளுக்கு அந்த லிஸ்ட் இல்லாட்டில்.”

“மிஸ், மிஸ், ஒரு வழி ஈக்கி,” என்று அஸீம் குறுக்கே வந்தான். “ஓட்ட ஈக்கிறது இந்த மொடியூல்லதானே? நாங்க இத பாவிக்கிறதே இல்ல. கழட்டி எறிஞ்சா நிப்பாட்டவும் தேவல்ல.”

கழற்றினான். கேர்னலோடு பூட்டியிருந்த துணை நிரல்களின் பட்டியலிலிருந்து அந்த மொடியூலின் பெயர் மறைந்தது. இராமநாதன் பெருமூச்சு விட்டார். அஸீமின் கண் மறுபடியும் பலகைக்குப் போனது.

“பொறும். பார்க்காமல் நம்பேலாது,” என்றாள் பத்மாதேவி.

பரிசோதனைக்கென்று வைத்திருந்த மாணவக் கணக்கால் நுழைந்தாள். உலகத்துக்குப் போட்டிருந்த அதே நிரலை ஓட்டினாள். இரண்டு வினாடி. எசமானுக்குரிய குறி திரையில் வந்து நின்றது.

“அதெப்பிடி? நான்தானே கழட்டினேன்!”

“நீர் கழட்டினீர். நிரல் கேட்டவுடன கேர்னல் தானாக எடுத்துப் பூட்டிப்போட்டுது. கேட்டால் குடுக்கத்தான் அதுக்குப் பழக்கம்.”

அவள் லிஸ்டைத் திறந்தாள். எந்தத் தடையுமில்லாமல் திறந்தது. இராமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“இப்ப நீர் மாணவராகவோ நிக்கிறீர்?”

“ஓம் சேர். இதைப் பக்கத்து அறையில யாராவது எப்பவோ பார்த்திருக்கலாம். பார்க்கேல்லை எண்டு என்னால சத்தியம் பண்ணேலாது.”

அவள் அடுத்த அறைக் கதவைத் திறந்தாள்.

“பிள்ளையள், எழுதினதைச் சேமிச்சுப்போட்டுக் கையை எடுங்கோ. இருபது நிமிஷம் கூடத் தாறன்.”

“மிஸ், கரண்ட் போகப் போகுதாங்க?” என்றது நாவலப்பிட்டிக் குரல் ஒன்று.

“இல்லையப்பா, நானேதான் நிப்பாட்டுறன்.”

நிறுத்தினாள். நானூற்றுப் பதினொரு நாள் காதில் ஓடிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் அடங்கியதும் மூவருக்கும் அறை அந்நியமாகிப் போனது. மீண்டும் எழுந்த இயந்திரம் டிஸ்க்கைச் சோதிக்கத் தொடங்கியது. பதினொரு வீதம். பதினான்கு. அதிலேயே நின்றது.

“யா அல்லாஹ்,” என்றான் அஸீம்.

“எழும்பாட்டில் என்ன பிள்ளை செய்யிறது?”

“எழும்பாட்டில் லிஸ்டும் எழும்பாது சேர்.”

இராமநாதனுக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. அவளும் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. நகத்தைக் கடித்தபடி மேசையைச் சுற்றி இரண்டுதரம் நடந்தாள். பதினைந்து. முப்பது. பிறகு வேகம் பிடித்தது.

எழுந்தது. இம்முறை புதிய கேர்னலின் இலக்கம். அதே மாணவக் கணக்கு, அதே நிரல். ‘அனுமதி இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி. மூன்றுதரம் ஓட்டினாள், மூன்றுதரமும் அதே வரி.

“அப்ப இனிப் பயமில்லை,” என்றார் இராமநாதன்.

“இந்த ஓட்டை அடைபட்டுது. அடுத்த ஓட்டை எதெண்டு கேர்னல் எழுதுறவங்களுக்கே இன்னும் தெரியாது. சேர், ஒண்டு கேட்கட்டோ? பொலிஸ் கேட்டது என்ன?”

“பேரும் அடையாள அட்டையும்.”

“விலாசம்?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். “அது… நானாச் சேர்த்தது. மறைக்கிறம் எண்டு நினைச்சிடுவாங்கள் எண்டு பயந்து. ஊரும் அப்பிடித்தான்.”

அஸீம் தலையைக் குனிந்துகொண்டான். பத்மாதேவி அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பயம் அவளுக்கும் தெரிந்த பயம். லிஸ்டில் விலாசங்கள் இருந்த நெடுவரிசை முழுவதையும் தெரிவு செய்து, விரலை அழிக்கும் விசைக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பேக்கப் பிரதியிலயும் ஈக்கி மிஸ்,” என்றான் அஸீம் மெதுவாக. “அதையும் நான் பாக்கிறேன்.”

“என்ரை விலாசமும் கிடக்கோ?” என்று கேட்டார் இராமநாதன்.

“முதலாவது உங்கட. ரெண்டாவது என்ரை.”

“அழிச்சுப்போடும் பிள்ளை,” என்றார் அவர். “ஊர்ப் பேரையும் சேர்த்து அழிச்சுப்போடும்.”