நாக்கு வைத்த போஸ்ட்

வேலி போஸ்ட் வரைவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதவர்கள் குறைவு. தரையில் அடித்து நிறுத்துகிற ஒரு இரும்புத் துண்டு, அதில் வரைய என்ன இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். இப்போது கண்ணை மூடினால் ஆங்கிள் இரும்புதான் வந்து நிற்கிறது.

போஸ்டை நிறுத்துவது சுலபம். போஸ்டில் கம்பியை நிறுத்துவதுதான் பெரும்பாடு. மாடு கழுத்தை விட்டு நெம்பும், ஆடு முட்டும், வெயிலில் கம்பி தொய்யும், குளிரில் விறைக்கும். பழைய போஸ்டில் வேலிக்கம்பியைச் சின்னக் கட்டுக்கம்பியால் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி முடிச்சுப் போடவேண்டும். வரிசைக்கு ஒரு முடிச்சு, போஸ்டுக்குப் போஸ்ட். வேலி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் குனிந்து முறுக்கிக்கொண்டே போகவேண்டியதுதான். அப்படிப் போகிறவர்களில் ஒருத்தி என் அக்கா.

வேலியையும் எங்கள் பட்டறையே போட்டுக் கொடுக்கும். போஸ்ட் அடிக்க ஆண்கள், கம்பி கட்டப் பெண்கள். கட்டுகிற கூட்டத்துக்கு அக்காதான் தலைவி. அவளுக்கு அங்கே பெயரே 'முடிச்சு'தான். முடிச்சு கட்டினால் மாடு என்ன, மந்திரி வந்தாலும் அவிழ்க்க முடியாது என்று கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அத்தான் போனபிறகு அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அதனால் அவளுடைய வலது கை கெட்டுக்கொண்டு வருவதை முதலில் பார்த்தது நான். தம்ளர் நழுவியது. சீப்பு நழுவியது. கேட்டால், எண்ணெய்க் கை என்பாள். இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மணிக்கட்டில் நரம்பு அமுங்குகிறது, இந்த முறுக்குகிற வேலையை விடாவிட்டால் கட்டைவிரலில் பிடிமானமே போய்விடும், போனால் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் பிளேயரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. வாயால் ஆகாததை வரைந்து செய்துவிடலாம் என்று, முடிச்சே தேவைப்படாத போஸ்ட் ஒன்றைப் போட உட்கார்ந்தேன்.

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். முடிச்சில்லாத போஸ்ட் என்றேன், ஆகட்டும் என்றார். கட்டுகிற வேலை போனால் அக்காவுக்கு உள்ளே உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்றேன், அதற்கும் ஆகட்டும் என்றார். அதை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

போஸ்டின் முகத்தில் மூன்று பக்கம் வெட்டி, அந்தத் துண்டை வெளியே வளைத்தால் ஒரு நாக்கு வரும். நாக்குக்குப் பின்னால் கம்பியைப் போடவேண்டும். நாக்கின் வாய் கம்பியைவிட ஒரு துளி குறுகலாக இருக்கவேண்டும். மரச்சுத்தியால் தட்டினால் கம்பி டக்கென்று உள்ளே போய்விடும், தானாக வெளியே வராது. ஆனால் உள்ளே போனபிறகு கம்பி நெருக்கப்படக் கூடாது, நீளவாக்கில் தாராளமாக ஓடவேண்டும். மாடு ஓரிடத்தில் சாய்ந்தால் மொத்த வேலியும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஓட விடாமல் கடித்துப் பிடித்தால், சாய்ந்த இடத்திலேயே அறுந்துபோகும். பார்க்க வருகிறவர்களுக்கு இது புரியாது. கம்பியை ஆட்டிப் பார்த்து, லூசா இருக்கே என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி உயிர் போகும்.

முதலில் அடித்த நாக்கெல்லாம் வளைக்கும்போதே அடியில் கீறல் விட்டது. மூலைகளைக் கூராக வெட்டியிருந்தேன், வளைவாக வெட்டியபிறகு சரியானது. அடுத்த தடவை துரு பிடிக்காமலிருக்கப் பூசுகிற துத்தநாகப் பூச்சின் கனத்தை மறந்துவிட்டேன். பூசி வந்ததும் வாய் அடைத்துக்கொண்டு கம்பி உள்ளேயே போகவில்லை. "என்னம்மா, உன் நாக்கு ரொம்பத் தடிச்சுப்போச்சே?" என்று முதலாளி கேட்டார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த அளவு எனக்கே திருப்தியாக இருந்தது. ஒரு மாட்டுப் பண்ணையின் கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் அந்தப் போஸ்டைப் போட்டுப் பார்க்க அனுப்பினோம். ஆண்களோடு அக்காவின் கூட்டமும் அங்கே போயிருந்தது. நான் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றேன். அடுத்த பகுதிக்கான இரும்பு ஏற்றித் தயாராக இருந்தது, முதலாளி பக்கத்திலேயே நின்றார். பண்ணையிலிருந்து பதில் வந்தால் அடிக்கவேண்டியதுதான். அக்காவுக்குப் போன் போட்டேன். இந்தப் பக்கம் மெஷின் இரைச்சல், அந்தப் பக்கம் காற்று.

"அக்கா, பிடிச்சிருக்கா?"

"பிடிக்கல."

"என்னது?"

"பிடிக்கலைடி. வை."

அக்காவுக்குப் போனில் விளக்கம் சொல்லும் பழக்கம் கிடையாது. கம்பி பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் பிடிக்கவில்லைதான். அவளைவிட யாருக்குத் தெரியும்? போய்ப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை அலுப்பு. முதலாளி முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து அளவை மாற்றினேன். நாக்கின் உள்பக்கத்தைச் சுருக்கினேன். இனி கம்பி எங்கே ஓடும், பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

கம்பி ஓடவில்லை. அறுந்தது. மேற்குப் பக்கத்தில் போட்ட புது அளவு போஸ்டில் ஒரு மாடு முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது, நாக்கு கடித்த இடத்திலேயே கம்பி பட்டென்று போய்விட்டது. மாடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. அறுந்த இடமெல்லாம் அக்காவும் மற்றவர்களும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டு ஒட்டவைத்தார்கள். அந்த வாரம் முழுக்க அக்கா இடது கையால் சாப்பிட்டாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போதும்மா," என்றார் முதலாளி. அவருக்கும் அலுத்துவிட்டது. "ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வா. வந்து ஒரே வார்த்தை சொல்லு. ஆகும்னா செய்வோம், ஆகாதுன்னா பிரஸ்லேருந்து நாக்கு வெட்டற அச்சைக் கழட்டிட்டுப் பழைய போஸ்டே போட்டுக்குவோம்."

பண்ணைக்குப் போனேன். பிடிக்கவில்லை என்று அக்கா சொன்ன கிழக்குப் பக்கத்தை முதலில் பார்த்தேன். போஸ்டுக்குப் போஸ்ட் குனிந்து பார்த்தேன். மாடு சாய்ந்து சாய்ந்து இரண்டு மூன்று போஸ்ட் சற்றே சரிந்திருந்தது. கம்பி நெடுக மாட்டு மயிர் சிக்கியிருந்தது. ஆனால் ஒரு நாக்கிலிருந்துகூடக் கம்பி வெளியே வரவில்லை. முழு பலத்தையும் போட்டு நெம்பினேன். விட்டுக்கொடுத்தது, திரும்ப வந்து நின்றது. சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா லாரி நிழலில் உட்கார்ந்து கட்டுக்கம்பியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தள்ளி மேற்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

"அக்கா, கிழக்குப் பக்கம் நல்லா பிடிச்சிருக்கே!"

"ம்."

"கம்பி ஒண்ணுகூடக் கழண்டு வரல. நீ பிடிக்கலன்னு சொன்னே?"

"எனக்குப் பிடிக்கலன்னு சொன்னேன்."

"நான் கம்பியைக் கேட்டேன்கா."

"'அக்கா, பிடிச்சிருக்கா'ன்னு கேட்டே. என்னைத்தான் கேக்கறேன்னு நினைச்சேன்," என்றாள். கை வேலையை நிறுத்தவில்லை. "பரவால்லையே, ஒரு நாளாவது கேட்டாளேன்னு இருந்துச்சு. அதான் உள்ளதைச் சொன்னேன்."

"அப்ப சுருக்கின போஸ்ட் வந்ததும் உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. நீ கேட்டது கம்பியைன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல." பிளேயரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு தெரியுமாடி? போஸ்ட் அடிக்கிற ஆம்பளைங்களே அவங்க பாட்டுக்குக் கம்பியையும் டக்கு டக்குன்னு தட்டிட்டே போறாங்க. நாங்க நாலு பேரும் விருந்தாளி மாதிரி நிக்கறோம். 'இனிமே உங்களுக்கெல்லாம் லீவுதான்'னு ஒருத்தன் சிரிக்கிறான். என் தங்கச்சி போட்ட படம்னு பெருமையா வேற சொல்லித் தொலைச்சிருந்தேன்."

"உன் கைக்காகத்தான்கா இதையே போட்டேன்."

"தெரியும். எல்லாம் எனக்காகத்தான். டாக்டரைக் கேட்டே, முதலாளியைக் கேட்டே, கம்பியைக்கூடக் கேட்டே. கைக்காரியைக் கேட்டியா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"நீ படிச்சே, படம் போடறே. எனக்கு வந்தது இது ஒண்ணுதான்," என்றாள். "இங்க வந்தா நாலு பேர் முடிச்சுன்னு கூப்பிடறாங்க. வீட்ல உக்காந்து நான் என்ன, செவுத்தைப் பாத்துப் பேசறதா?"

"சரி, இப்பக் கேக்கறேன். முதலாளிகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஆகாதுன்னு சொல்லிடு." யோசிக்கவே இல்லை. "கை போனா என் கைதானே போகுது."

பேசிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகிப் பார்த்தாள், விரல்கள் வழுக்கிக்கொண்டே போயின. நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மறுபக்கம் திரும்பி, பல்லால் கடித்துத் திறந்து குடித்தாள். கழுத்தெல்லாம் தண்ணீர் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி பிளேயரை எடுத்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் இரண்டு பதிலையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆகாது என்று சொன்னால் அக்கா என்னோடு சிரித்துப் பேசுவாள், கை போகும். ஆகும் என்று சொன்னால் கை மிஞ்சும், அக்கா மிஞ்சுவாளா தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைக் கேட்டு, அவள் வாயால் பதிலும் வாங்கியாகிவிட்டது. அவள் சொன்னபடி செய்வதுதான் மரியாதை. அந்த மரியாதையை என்னால் செய்ய முடியவில்லை. முதலாளி முன்னால் போய் நின்றதும், "முதல் அளவுதான் சரி, கம்பி நல்லா பிடிச்சிருக்கு, நான் சுருக்கினதுதான் தப்பு," என்றேன். ஆகட்டும் என்றார். அக்காவுக்கு உள்வேலை என்று ஞாபகப்படுத்தினேன். அதற்கும் ஆகட்டும் என்றார்.

அந்த மாதமே கட்டுகிற பெண்களை நிறுத்திவிட்டார்கள். உள்வேலை வரவே இல்லை. மறுபடி கேட்டேன், இன்னொரு ஆகட்டும் கிடைத்தது. மற்றவர்கள் அங்கே இங்கே வேலை தேடிக்கொண்டார்கள். முறுக்காத வேலை ஒன்று அக்காவுக்கு எங்கே கிடைக்கும்? நாக்கு போஸ்ட் நன்றாகப் போகிறது என்று என்னைப் பட்டறையில் பாராட்டினார்கள். நான் தலையைக் குனிந்து வரைந்துகொண்டிருந்தேன்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமைத்து மூடி வைப்பாள், தனியாகச் சாப்பிடுவாள், நான் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கேட்டால் ம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவளைக் கேட்டதையும் கெடுத்துக்கொண்டேனே என்று நான் மனதுக்குள் அரற்றிக்கொண்டிருந்தேன். கேட்காமல் செய்தபோதாவது ஒரு சாக்கு இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அக்கா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். வாளியில் துணியை முக்கி எடுத்தாள், பிழிந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி முறுக்கினாள், கை பாதியிலேயே திறந்துகொண்டது. இடது கையையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு குனிந்தபடியே, என்னைப் பார்க்காமல், சொட்டச் சொட்ட அந்தத் துணியை என் பக்கமாக நீட்டினாள்.

"இந்தா, பிழி."

தன் கைக்கு முடியாத ஒன்றை அவளாக என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வாங்கிப் பிழிந்தேன். அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை, அப்படியே நின்று அழுதேன்.

"அழுதது போதும்," என்றாள் அக்கா. "இன்னும் தண்ணி சொட்டுது பாரு."

மறுபடி பிழிந்தேன்.