கதவுக்கு வெளியே கேட்ட படம்

கதவுக்குப் பின்னால் குபீரென்று சிரிப்புக் கிளம்பியபோது பாப்கார்ன் அக்கா உப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கை அப்படியே நின்றது. பயங்கரப் படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிற படம். அவர்கள் கடிக்கக் கடிக்க உள்ளே ஜனம் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தியேட்டரின் கவுன்ட்டரில் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. மெஷினை விட்டு நகர முடியாது. ஆனால் எதிரே ஏழெட்டு அடியில் இருக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாக எல்லாப் படத்தையும் கேட்டிருக்கிறாள். வசனம் தெளிவாகக் கேட்காது, ஜனத்தின் சத்தம் கேட்கும். அவளுக்கு அது போதும். அழுகைப் படம் என்றால் இடைவேளையில் தண்ணீர் பாட்டில் போகும். நிஜமாகவே பயமுறுத்துகிற படம் என்றால் எதுவும் போகாது. வெளிறிய முகத்தோடு நேரே கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். சிரிப்புப் படத்துக்குத்தான் பாப்கார்ன். இந்த ஜாம்பி படம் வந்த நாளிலிருந்து மெஷின் ஓயவே இல்லை.

"ஜாம்பியாம் ஜாம்பி. சோம்பின்னு பேர் வச்சிருக்கலாம். ஒருத்தனும் காலைத் தூக்கி வைக்க மாட்டேங்கறான்" என்றார் டிக்கெட் கிழிக்கிறவர். முழங்கால் வலிக்காரர் என்பதால் வேகமாக நடக்காதவர்களைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டா என்று அவள் கேட்கவில்லை. படம் விட்டு வருகிறவர்கள் சொன்னதை வைத்து அவளே பாதிக் கதையைக் கட்டிவிட்டிருந்தாள். மொத்தம் ஆறே பேர்தான் ஜாம்பிகள். சட்டையை மாற்றிக்கொண்டு அவர்களே திரும்பத் திரும்பச் சாகிறார்கள். மொட்டைத்தலை ஒருவன் மட்டும் நாலு தடவை. ரத்தம் பீட்ரூட் சாறு மாதிரி இருக்கிறது. ஒரு ஜாம்பி கைக்கடிகாரத்தில் மணி பார்க்கிறது. கதாநாயகி இருட்டில் நின்று "யாரு அங்க?" என்று கேட்டால் மொத்தத் தியேட்டரும் "உங்க மாமா!" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே இரண்டாம் தடவை வருகிறவர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் போனதும் சத்தம் நின்றுவிடும். முதல் நாள் கரன்ட் போய்விட்டது என்றே நினைத்தாள். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிரிப்பு இல்லை, விசில் இல்லை, பொட்டலம் சரசரக்கிற ஓசைகூட இல்லை. நாலு நிமிஷம். பிறகு யாரோ இருமுவார்கள், படம் பழையபடி ஓடும். மறுநாளும் அப்படித்தான். ஆட்கள் மாறினார்கள், அந்த நாலு நிமிஷம் மாறவில்லை. என்ன காட்சி என்று வெளியே வந்தவர்களைக் கேட்டுப் பார்த்தாள். மொட்டைத்தலையைப் பற்றித்தான் சொன்னார்கள்.

இன்னொரு புதிரும் இருந்தது. தொப்பி போட்ட ஒருவன் தினமும் மேட்னிக்கு வந்தான். சின்னப் பொட்டலம் வாங்குவான். இடைவேளையில் வெளியே வருகிறவன் திரும்பி உள்ளே போகமாட்டான். வாசல் படியில் உட்கார்ந்து, படம் முடிந்து ஜனம் வெளியேறும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். திங்கட்கிழமை, படம் விட்டுக் கூட்டம் கலைந்ததும், அவனைக் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டு, படம் பிடிக்கவில்லையா என்று கேட்டேவிட்டாள்.

"எடுத்தவனே நான்தாங்க" என்றான்.

அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜனம் நன்றாகத்தான் வருகிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று சமாளித்தாள். சிரிப்பதில் தனக்கு வருத்தமில்லை, பயப்பட வைக்க நினைத்ததற்கு இந்தத் தண்டனை தகும் என்று அவனும் சிரித்தான். அப்புறம் எதற்குப் பாதியில் எழுந்து வருகிறீர்கள் என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கவுன்ட்டர் மேல் வைத்தான். படத்தில் ஒரு அம்மா வருகிறாள். கடிபட்டு ஜாம்பியான மகனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே தரையில் உட்கார்ந்து, மூடின கதவோடு பேசுகிறாள். நடிக்க வேண்டியவள் அன்றைக்கு வரவில்லை. எல்லாருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்த தன் அக்காவையே உட்கார வைத்தான். எழுதின வசனம் அவள் வாயில் நுழையவில்லை. உனக்குத் தோன்றியதைச் சொல் என்றுவிட்டுக் கேமராவை ஓட விட்டான். முகத்தைக் காட்டமாட்டேன் என்று முதுகு காட்டியே உட்கார்ந்தாள். எட்டு நிமிஷம் பேசினாள். அதில் நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டான்.

"அவ நடிக்கல" என்றான். "அக்கா பையன் மூணு வருஷமா ரூமை விட்டு வெளிய வரல. வேலை போனதுலேர்ந்து. சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு இப்படித்தான் பேசுவா. தினமும். யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். உள்ள உக்காந்து அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

பாப்கார்ன் அக்கா மெஷினை அணைத்தாள். சோளம் கடைசியாக இரண்டு மூன்று வெடித்து அடங்கியது.

"இது எந்த இடத்துல வருது? இடைவேளைக்கு அப்புறம் இருபது நிமிஷமா?"

"ஆமா."

"சிரிக்கல சார். மூச்சுவிடற சத்தம்கூட கேக்கல. நாலு நாளா இது என்ன இடம்னு மண்டையைப் பிச்சுக்கறேன்."

அவன் அவளையே பார்த்தான். நம்புவதா வேண்டாமா என்று தெரியாத பார்வை. நாளைக்கு என் பக்கத்தில் நின்று நீங்களே கேளுங்கள் என்றாள்.

மறுநாள் அவன் தனியாக வரவில்லை. கூட வந்தவள் இன்னும் ஈரம் காயாத கொண்டையோடு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். தம்பி சொன்னதை நம்பாமல் வந்திருக்கிறாள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உள்ளே போகச் சொன்னதற்கு மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். பாப்கார்ன் அக்கா தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பையனைத் தனியாக விட்டு வந்ததைப் பற்றி அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னாள். எங்கே போகிறேன் என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம். பதில் வந்ததா என்று பாப்கார்ன் அக்கா கேட்கவில்லை.

இடைவேளைக் கூட்டம் வந்து போனது. உள்ளே மொட்டைத்தலை செத்தான், விசில் பறந்தது. "உங்க மாமா!" என்று ஜனம் கத்தியதில் அந்த அம்மாள் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பிறகு சத்தம் நின்றது.

டிக்கெட் கிழிக்கிறவர்கூடப் பேச்சை நிறுத்தினார். மெஷினையும் அணைத்துவிட்ட அந்த அமைதியில், ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக, பாப்கார்ன் அக்காவுக்குக் கதவு வழியாக வசனம் கேட்டது. சாதாரணக் குரல்தான். கரன்ட் வந்துடுச்சு, ஃபேனைப் போட்டுக்கோ. நீலச் சட்டையில பட்டன் தச்சுட்டேன். பக்கத்து வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க, ஜன்னலைச் சாத்திக்கோ, நெடி ஆகாது உனக்கு. ஸ்டூலில் இருந்தவளின் உதடுகள் அதே சொற்களுக்கு லேசாக அசைந்தன. சத்தம் வரவில்லை.

உள்ளே இருந்த குரல் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டது: "கேக்குதா?"

தம்பிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாள் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின ஜனம். கேள்வி கேட்டால் விடாது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், மெல்ல, "கேக்குதும்மா" என்றது.

யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் எழுந்தாள். கைப்பை மடியிலிருந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"அக்கா, அது..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"என் பையன் இல்ல. அவன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா யாரோ சொன்னாங்கல்ல. யாருன்னு பாத்துட்டு வரேன்."

அவளே போய்க் கதவைத் தள்ளினாள். ஸ்பிரிங் வைத்த கனமான கதவு, அவள் கையை மீறித் திரும்பி வந்தது. பாப்கார்ன் அக்கா கவுன்ட்டரை விட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கதவு திரைக்குப் பக்கத்திலேயே திறந்ததால் அவளுக்குப் படம் தெரியவில்லை, ஜனம்தான் தெரிந்தது. வரிசை வரிசையாக முகங்கள், சாம்பல் வெளிச்சத்தில், வாய் லேசாகத் திறந்து. ஒரு பெண்ணின் விரல்களில் பாப்கார்ன் பாதி வழியில் நின்றிருந்தது. திரையில் முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்தவள், கீழே, அவர்களுக்கு எதிராக வந்து நின்று, கண்ணைச் சுருக்கி, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்கள் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேலே அவள் குரல் மறுபடி பட்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், ஓரத்து நாற்காலியிலிருந்து, ஒரு கை தயங்கித் தயங்கித் தோள் உயரத்துக்கு எழுந்தது.