“பக்கத்து வூடு சார்”

1

இது யாரோ ஒரு நண்பனின் கதை என்றுதான் இயக்குநர் புகழேந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். கோடை, முதல் காதல், இரண்டு மணி நேரப் படம் என்று கேட்டார். கைவசம் வேறு சரக்கு இல்லை. என் கதையையே எடுத்து நீட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: சாந்தோம் கடற்கரை. மாலை வெளிச்சம். நிஷாவின் துப்பட்டா காற்றில்

(வேண்டாம். அந்தக் கோடையில் நாங்கள் கடற்கரைப் பக்கமே போகவில்லை.)

இரண்டாவது: காலேஜ் லீவு. நிஷா பாண்டி பஜாரில் வளையல் கடையில் வேலைக்கு நிற்கிறாள், எதிரே செருப்புக் கடையில் நான். அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தொன்று, கூடவே நான்கு அரியர்.* இரண்டு வீடும் அடையாற்றங்கரையில், ஒரே தகரச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வேலை முடிந்தால் நடந்தே திரும்புவோம். பஸ் ஏறினால் வீடு சீக்கிரம் வந்துவிடும்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. “சூப்பர் ப்ரோ, இங்க ஒரு பாட்டு வச்சிரலாம்” என்றார் புகழேந்தி.

* படத்தில் நாயகனுக்கு அரியர் கிடையாது.

3

அந்த மே மாதம் கரையைக் காலி செய்வதற்காகக் கணக்கெடுக்க வந்தார்கள். கல்யாணமான ஜோடி என்றால் தனிக் குடும்பம், ஊருக்கு வெளியே அரசு தரும் தனி வீடு. முந்தின நாள் நடந்து வரும்போது நிஷா கேட்டாள்.

“டேய் மாறா, நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு சொல்லிடலாமா?”

“இன்னாடி, ஒரு வூட்டுக்காக பொண்டாட்டி ஆவியா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜோக் என்றே நினைத்தேன்.

மறுநாள் கணக்கெடுக்கும் சார் எங்கள் வாசலில் நின்று அப்பா, அம்மா, என் பெயர்களை எழுதினார். நிஷா வந்து என்னை ஒட்டி நின்றாள்.

“இந்தப் பொண்ணு யாருப்பா?”

எனக்குப் பின்னால் அம்மா.

“பக்கத்து வூடு சார்.”

நிஷா திரும்பிப் போய்விட்டாள். இரண்டு வாரத்தில் லாரிகள் வந்தன. அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

4

“ஹீரோ இப்படிப் பம்முனா எவன் ப்ரோ பாப்பான்?” என்கிறார் புகழேந்தி. நியாயம்தான். எனக்கே இவனைப் பிடிக்கவில்லை. ஆகவே மாற்று முடிவுகள்:

அ) “என் பொண்டாட்டி சார்” என்கிறான். தியேட்டரில் விசில்.

ஆ) அவன் வாய் திறக்கும் நேரத்தில் அம்மா மயங்கி விழுகிறாள். அவன்மேல் பழி வராது. (இதைத்தான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

இ) லாரிக்குப் பின்னால் அவன் ஓடி, மூச்சு வாங்க

(ஓடவில்லை.)

5

சம்மதம் கேட்க வேண்டுமே. எட்டு வருடம் கழித்து நிஷாவுக்கு போன் செய்து மொத்தக் கதையையும் சொன்னேன். நடுவில் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

“அந்த சார் உங்க வூட்டுக்கு மின்னாடி எங்க வூட்டுக்குத்தான் வந்தாரு. தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“என் பேர இங்க எழுதாதீங்க சார், நான் மாறன் வூட்டு லிஸ்ட்ல வரேன்னு எங்கப்பா எதிர்லயே சொல்லிட்டுத்தான் உன்னாண்ட வந்து நின்னேன்.”

அவமானமாக இருந்தது. அழுதேன், அவளுக்குக் கேட்காதபடி.

“ரெண்டு லிஸ்ட்லயும் இல்லாம பூட்டேன். எங்கப்பா அந்த சார் பின்னாடியே கெஞ்சிக்கினு ஓடுனாரு.”

“படத்துல மாத்திடட்டா நிஷா? அவன் ஆமான்னு சொல்ற மாதிரி?”

“உன் படம். இன்னா வேணா எழுதிக்கோ. என் பேர மட்டும் மாத்தாத. இதுலயாவது இருக்கட்டும்.”

வைத்துவிட்டாள்.

6

திங்கட்கிழமை கடைசிக் காட்சி வேண்டுமாம். ‘ஆமாம்’ என்று எழுதினால் இன்னொரு பொய். நடந்ததை எழுதினால், தியேட்டர் கூட்டமெல்லாம் பார்க்க, நிஷா இன்னொரு முறை பக்கத்து வீடு. இரண்டையும் எழுத என்னால் ஆகவில்லை.

நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு இருபத்தொரு வயது. அம்மா பின்னால் நிற்கிறாள், நிஷா பக்கத்தில் நிற்கிறாள். அவள் எதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது. சாருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. சீக்கிரம் சொல்லுங்கள்.