நம்ம ஆளின் நாலு டயர்

ரமணன் எனக்குத் தர வேண்டியது அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. நான் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்துத்தான் போட்டேன்.

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் ஒரு டயர் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். காரைத் தூக்குவது, சக்கரத்தைக் கழற்றுவது, பழைய டயரை உரிப்பது, புதியதை மாட்டுவது. என் முதுகுக்கு ஒவ்வொரு டயரின் எடையும் தெரியும். எழுத்து மட்டும் நாற்பத்துநான்கு வயதில்தான் தெரிந்தது. ஃபேரர் பார்க் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று. டிரைவிங் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்றார்கள், அதற்காகச் சேர்ந்தேன். லைசென்ஸ் இருந்தால் கடைக்கு வரும் காரை நானே ஓட்டி உள்ளே நிறுத்தலாம். மாதம் இருநூறு வெள்ளி கூட வரும், முதுகும் கொஞ்சம் சாய்ந்து உட்காரும். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிரைவிங் பள்ளிக்குக் கட்டுவதாக இருந்தேன்.

அப்போதுதான் ரமணன் வந்தார். சுவா சூ காங்கில் வீடு, சின்ன ஹேட்ச்பேக் கார். ஸ்பிரிங்கை வேறெங்கோ குட்டையாக மாற்றிக் காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். பின்சீட்டில் எங்கோ வாங்கிய பதினேழு இன்ச் பழைய ரிம் நாலு.

"அண்ணே, இந்த ரிம்முல 205/45 பதினேழு போடுங்க. அகலமான பெர்ஃபார்மன்ஸ் டயர்."

"தம்பி, இப்ப ஓடுறது 185/55 பதினாறு. அதே ரிம்முல 195/50 போட்டா போதும். ரோட்ட நல்லாப் பிடிக்கும், எங்கயும் உரசாது. காசும் குறைச்சல்."

"மூணு மாசம் ரிசர்ச் பண்ணியிருக்கேன்ணே. யூடியூப்ல ஒரு ஜெர்மன்காரன் எல்லா டயரையும் டெஸ்ட் பண்ணிட்டான். கார்னர்ல திரும்புறதுக்கு இதான் பெஸ்ட்டாம்."

"நீங்க எந்தக் கார்னர்ல திரும்புவீங்க?"

"சுவா சூ காங் அவென்யூ ஃபோர் லா."

அந்த டயரின் பக்கவாட்டில் கடைசி எழுத்து W. மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று பொருள். அந்த வேகத்தில் மேற்குக் கோடியான துவாஸில் கிளம்பினால் பன்னிரண்டு நிமிடத்தில் கிழக்குக் கோடியான சாங்கியைத் தாண்டிக் கடலில் இருக்கலாம். கார் வைத்திருக்க அரசு தரும் பத்து வருட அனுமதியான சி.ஓ.இ. முடிய இன்னும் பதினான்கு மாதம்தான். பிறகு உடைக்கப் போய்விடும். டயர் காரைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும். மூன்று மாதம் ரிசர்ச் செய்த மனிதரிடம் என்ன சொல்வது?

மாட்டினேன். ரமணன் தனியாக உட்கார்ந்து கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"பாத்தீங்களா? உரசவே இல்ல."

"ஞாயித்துக்கிழமை கார்ல யார் யார் ஏறுவாங்க, தம்பி?"

"அதெல்லாம் ரிசர்ச்ல வராதுண்ணே."

பில் ஆயிரத்துப் பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு. நானூறு கட்டினார். கார்டு வீட்டில் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்கு ஊரு எது?"

"அறந்தாங்கிப் பக்கம்."

"அட! எங்க தாத்தா அறந்தாங்கிண்ணே!"

அவர் தாத்தா கப்பல் ஏறி எழுபது வருடமாகிறது. ரமணன் அறந்தாங்கியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் என் வாய் முதலாளியிடம் சொல்லிவிட்டது: "நம்ம ஆளுதான் முதலாளி."

எங்கள் முதலாளி ஹனீபாவின் மேசைக்கு மேலே 'கடன் கிடையாது' என்று பலகை தொங்கும். மேசைக்குள்ளே ஒரு நீள நோட்டு இருக்கும். வாடிக்கையாளரை எந்த வேலையாள் 'நம்ம ஆளு' என்கிறானோ, அவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பணம் வராவிட்டால் அவன் சம்பளத்தில் இரண்டு தவணையாகப் பிடிப்பார். முன்பெல்லாம் நான் கைநாட்டு. கைநாட்டு செல்லாது என்று என்னை விட்டுவிடுவார். இப்போது முதல் முறையாக, பேனாவை அழுத்திப் பிடித்து, சி, ன், ன என்று ஒவ்வோர் எழுத்தாக, சின்னத்தம்பி என்று எழுதினேன்.

"கையெழுத்து அழகா இருக்குப்பா," என்றார் ஹனீபா.

மூன்று வாரம் போனது. பணம் கேட்டுச் செய்தி அனுப்பினால் ரமணனிடமிருந்து காரின் படம் வரும். அந்தி வெளிச்சத்தில் கார், கார் பார்க் மாடியில் கார், மழை நின்ற பிறகு கார். சம்பள நாளில் முதல் தவணை முந்நூற்று ஆறு வெள்ளி இருபது காசு போய்விட்டது. டிரைவிங் பள்ளிக்குப் போன் செய்து அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன், ரமணன் போன்.

"அண்ணே, உங்க டயர் கத்துது!"

"என் டயரா?"

யோசித்தால் அதுவும் சரிதான். காசு கட்டியது நான்.

பக்கத்துத் தெருவில்தான் நின்றிருந்தார்கள். கார் முன்னைவிடத் தாழ்ந்து, சாப்பிட்டு முடித்த ஆள் போல உட்கார்ந்திருந்தது. உள்ளே ரமணனின் மனைவி வர்ஷா, மாமியார் லீலா அம்மா, லிட்டில் இந்தியாவில் வாங்கிய இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, புது மாவு கிரைண்டர் ஒன்று. பின்சக்கரத்துக்கு மேலே ரப்பர் சீவிய தடம். ஒவ்வொரு மேட்டிலும் டயர் பாடியில் உரசியிருக்கிறது.

கிரைண்டரை இறக்கி ஓட்டச் சொன்னேன். கத்தியது. அரிசியை இறக்கினோம். கொஞ்சம் கத்தியது. லீலா அம்மா இறங்கினார். சத்தம் நின்றது.

ரமணன் என் காதருகில் வந்தார். "அண்ணே, அத்தைய எம்.ஆர்.டி. ரயில்ல அனுப்பிட்டா?"

"என்னடா? நான் ஏறக் கூடாதுன்னு டயர்ல எழுதியிருக்கா?" என்றார் லீலா அம்மா.

நான் குனிந்து படித்துக் காட்டினேன். "84னு போட்டிருக்கும்மா. ஒவ்வொரு டயரும் ஐந்நூறு கிலோ தாங்கும். உங்க மேல தப்பில்ல. சைஸும் ஸ்பிரிங்கும்தான் தப்பு."

"கேட்டியா? படிச்சவரு சொல்றாரு."

என்னைப் படித்தவர் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் மீதியும் வாயில் வந்துவிட்டது. "இன்னும் காசு வரலம்மா. என் சம்பளத்துலதான் புடிக்கிறாங்க."

வர்ஷா கதவைத் திறந்து இறங்கினார். "டயருக்குன்னு என்கிட்ட ஆயிரம் வாங்கினீங்களே?"

"அது... புது எக்ஸாஸ்ட் பைப் போட்டேன்ல."

"அந்தப் பாழாப்போன சத்தத்துக்கு ஆயிரமா!" என்றார் லீலா அம்மா. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்: "பழைய சக்கரம் ஆகுமா தம்பி?"

"இன்னும் ரெண்டு வருசம் ஓடும்மா."

"நாலும் வீட்டு பாம் ஷெல்டர் ரூம்ல கிடக்கு. ஊறுகாய் வைக்க இடமில்ல. நாளைக்கே மாட்டிக்க. இந்த நாலையும் இவருகிட்ட ரிம்மோட குடுத்துடு. கணக்குத் தீந்துச்சு."

"ரிம்முமா, அத்தை?" ரமணன் முன்சக்கரத்தை மறைத்து நின்றார்.

"ரிம்மும்தான்."

மறுநாள் ரமணனே வந்து மாற்றிக்கொண்டு போனார். போகும்போது டயரை ஒருமுறை தடவிப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த தவணை பிடிக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதனால் பாவம் அதிக நேரம் நிற்கவில்லை.

நாலு சக்கரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தங்கும் விடுதியில் விட மாட்டார்கள். கடை மூலையில் அடுக்கினேன். ஹனீபா பார்த்துவிட்டு, "இடத்துக்கு வாடகை உண்டுப்பா," என்றார். அட்டை ஒன்றைக் கிழித்து, வகுப்பில் சொல்லித்தந்தபடி கோடு போட்டு, எழுதி மாட்டினேன்:

'விற்பனைக்கு. 205/45 R17. ரிம்மோடு 650 வெள்ளி. மூன்று வாரம் ஓடியது. ஒரு மாமியார் மட்டும் ஏறியது.'

எழுதியது உண்மை. அதைப் பார்த்து ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் படம் எடுத்துப் போனார். ஆறாவது நாள் வெங்கடேஷ் என்று ஒரு இளைஞர் அந்தப் படத்தைப் போனில் காட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இது போயிடுச்சா?"

"இருக்கு. என்ன கார்? ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை யார் யார் ஏறுவாங்க?"

"கம்பெனி ஸ்பிரிங்தான். நான் மட்டும்தான் லா. கல்யாணம் ஆகல."

"ஆகப்போகுதா?"

"நீங்க என்னண்ணே, டயர் விக்கிறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?"

மாட்டிக் காட்டி, மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். உரசவில்லை. அறுநூற்று ஐம்பதையும் கடைக் கணக்குக்குப் போனிலேயே அனுப்பினார். வந்துவிட்டது என்று ஹனீபா சொன்ன பிறகுதான் நட்டை முறுக்கினேன்.

ஹனீபா நீள நோட்டைத் திறந்தார். பிடித்த முந்நூற்று ஆறு வெள்ளி இருபது காசைத் திருப்பித் தந்தார். இனிப் பிடிக்கவேண்டிய தவணையையும் அடித்துவிட்டார். மிச்சம் முப்பத்தேழு வெள்ளி அறுபது காசை இடவாடகை என்று தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். என் பெயரின் மேல் குறுக்கே கோடு இழுத்தார். அவ்வளவு பாடுபட்டு எழுதிய பெயர். இருந்தாலும் அந்தக் கோடு அழகாகத்தான் இருந்தது.

பேனாவை மூடாமலே வெங்கடேஷின் காரைப் பார்த்துக் கேட்டார்: "நல்ல பையனா இருக்கான். யாருப்பா, நம்ம ஆளா?"

"இல்ல முதலாளி," என்றேன். "கஸ்டமர்."